துயர வேளையில் ஒரு கையெழுத்து

*மண் சரிந்து வீடு போன மறுநாள், ‘இழப்பீட்டை நான் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் காகிதத்தை நீட்டினால், அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டம் எந்த எல்லையை வகுத்திருக்கிறது? கேமரன் மலைத் தோட்ட மக்களை முன்னிட்டு ஒரு சிறப்புக் கட்டுரை.*

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த இருளில், இடைவிடாத மழையினால் நிரம்பித் ததும்பிய சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, ரிங்லெட்டுக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் பல, சேறும் நீரும் வாசற்படியைத் தாண்டி உள்ளே புகுந்த பிறகே விழித்தெழுந்தன. உயிர்கள் மாண்டன, வீடுகள் சிதைந்தன, வாசலில் நின்ற வாகனங்களை ஆறு வாரிக்கொண்டு போயிற்று. மறுவருஷம் நவம்பரில் அதே ரிங்லெட், பெர்த்தாம் பகுதியை வெள்ளமும் சேறும் மீண்டும் சூழ்ந்தன. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி அதிகாலையில், மலையின் வடகோடியில் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் மண் சரிந்து, பிழைப்புக்காக வந்து தங்கியிருந்த மியன்மார் தொழிலாளர் ஐவர் புதையுண்டு இறந்தனர்.

இத்தகைய இரவுகளுக்குப் பின் வரும் பகற்பொழுதை மலைவாசிகள் நன்கு அறிவார்கள். மெத்தைகளை வேலியில் போட்டுக் காயவைப்பார்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை ஏடு ஏடாகப் பிரித்து வெயிலில் வைப்பார்கள். பெட்டியின் அடியிலே பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இன்சூரன்ஸ் பத்திரம் ஆகியவை நனையாமல் தப்பினவா என்று தேடுவார்கள். அவ்வேளையில்தான் ஒருவர் வந்து நிற்பது சாத்தியமாகிறது. அவர் சிரித்த முகத்தோடு பேசுவார். ‘அக்கா, நீங்க எங்கேயும் அலைய வேணாம், கிளைம் முழுக்க நானே பார்த்துக்கிறேன், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க’ என்பார். காகிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். கிடைக்கும் தொகையில் அவருக்கு எத்தனை பங்கு என்பது சிறிய எழுத்தில் எங்கேனும் ஒரு வரியில் இருக்கும்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதே இக்கட்டுரையின் விஷயம். துயரத்தில் இருப்பவரோடு, அத்துயரத்திலிருந்து கிடைக்கப்போகும் பணத்தைக் குறித்து ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமைக்கு நாகரிக தேசங்கள் யாவும் ஏதோ ஒரு வரம்பு கட்டியிருக்கின்றன. மலேசியாவிலும் வரம்பு உண்டு. ஆனால் அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண்மணியின் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை.

மதிப்பிடுகிறவர் யாருடைய ஆள்?

ஒரு வீடோ கடையோ வாகனமோ நஷ்டப்பட்டால், காப்பீட்டு நிறுவனம் தன் செலவில் ஒரு நஷ்ட மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. ‘அட்ஜஸ்டர்’ என்று நாம் வழக்கில் சொல்வது இவரைத்தான். நஷ்டத்துக்குக் காரணம் என்ன, பாலிசியின் நிபந்தனைக்குள் அது அடங்குமா, தொகை எவ்வளவு என்று அவர் அறிக்கை தருவார். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவரை நியமித்துக் கூலி கொடுப்பது நிறுவனமே என்பதை மறந்துவிடலாகாது.

அமெரிக்காவிலே இதற்கு எதிர்த்தட்டாக, பாலிசிதாரர் தமக்காகத் தாமே அமர்த்திக்கொள்ளும் மதிப்பீட்டாளர் வகுப்பு ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. புயலிலோ தீயிலோ நஷ்டப்பட்டவரின் பிரதிநிதியாக நின்று, கணக்குகளைத் தொகுத்து, நிறுவனத்தோடு வாதாடி, கிடைக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைக் கட்டணமாகப் பெறுவது அவர்கள் தொழில். அது கௌரவமான தொழிலாகவும் நடக்கலாம், கொள்ளையாகவும் மாறலாம். எது நடக்கும் என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டில் நஷ்ட மதிப்பீட்டுத் தொழிலை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் வைத்திருப்பது 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம். நஷ்டத்தின் காரணத்தையும் சூழ்நிலையையும் ஆராய்ந்து தொகையைக் கணிக்கும் வேலையை, நிறுவனத்துக்காகச் செய்தாலும் பாலிசிதாரருக்காகச் செய்தாலும், பதிவு பெற்றவரே செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே, பெயர்ப்பலகையும் பதிவும் இன்றி, கைபேசி எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு, ‘மதிப்பீடு முதல் காசோலை வரை எல்லாம் நான்’ என்று சொல்கிறவர், தொடக்கத்திலேயே சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

▌பெட்டிச் செய்தி: கையெழுத்துக்கு முன் பாலிசியைப் பாருங்கள்

• வீட்டுக் கட்டடத்துக்கு ஒரு பாலிசி, உள்ளேயுள்ள சாமான்களுக்கு வேறொரு பாலிசி. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் உடைமை. நிர்வாகம் கட்டடத்துக்குக் காப்பீடு செய்திருந்தாலும் தொழிலாளியின் பாத்திரம் பண்டங்கள் அதில் அடங்கமாட்டா.

• சாதாரணத் தீக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. வீட்டு உடைமையாளர் பாலிசியில் வெள்ளம் அடங்கும். ஆனால் மண்சரிவும் நிலம் தாழ்வதும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கவேண்டியவை.

• முழுக் காப்பீடு எடுத்த காராயினும், வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றுக்குத் தனிப் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால்தான் பணம் கிடைக்கும்.

• பாலிசியில் இல்லாத பாதுகாப்பை எந்த இடைத்தரகராலும் உண்டாக்க முடியாது. அப்படி வாக்களிப்பவர் முன்பணத்துக்காகவே வாக்களிக்கிறார்.

சட்டம் கட்டியுள்ள வேலிகள்

மலேசியச் சட்டங்களைப் புரட்டிப் பார்த்தால், சாமானிய மக்களைக் காக்கும் வேலிகள் நாம் எண்ணுவதைவிட உறுதியாகவே இருக்கின்றன.

முதலாவது, 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டம். உடற்காயத்துக்காகவோ மரணத்துக்காகவோ எழும் இழப்பீட்டுக் கோரிக்கையில், வழக்கறிஞர் அல்லாத ஒருவர் பேரம் பேசுவதும், பேரம் பேசும் உரிமையைத் தமக்குத் தரும்படி பாதிக்கப்பட்டவரை நாடிச் சென்று கேட்பதும் அதன் 37-ஆம் பிரிவின்படி குற்றமாகும். விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே படிவத்தோடு வந்து நிற்கும் தரகருக்கு இப்பிரிவு நேராகப் பொருந்தும். மலையின் வளைவுப் பாதைகளில் மோட்டார் சைக்கிளே கதியென்று வாழும் தோட்டத்து இளைஞர்களுக்கு இதைவிட அவசியமான சட்ட அறிவு வேறில்லை. அதே சட்டத்தின் 112-ஆம் பிரிவு வழக்கறிஞரையே கட்டுப்படுத்துகிறது: வென்றால் மட்டுமே கட்டணம் என்றோ, வழக்கின் பொருளில் இத்தனை பங்கு எனக்கு என்றோ கட்சிக்காரரோடு அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாகாது. முறையாகப் படித்து, பட்டம் பெற்று, நீதிமன்றத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட வழக்கறிஞருக்கே மறுக்கப்பட்ட பங்கை, எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத தரகர் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இரண்டாவது, 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். இது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழியில் வந்தது. பொதுநன்மைக்கு விரோதமான நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் 24-ஆம் பிரிவு. அதைக் காட்டிலும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது 16-ஆம் பிரிவு: வயதினாலோ நோயினாலோ மன வேதனையினாலோ உடல் வேதனையினாலோ ஒருவருடைய சிந்தனாசக்தி தற்காலிகமாகவேனும் குன்றியிருக்கையில், அவரோடு ஒப்பந்தம் செய்கிறவர் அவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது, அவ்வொப்பந்தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகத் தோன்றினால், ‘நான் வற்புறுத்தவில்லை’ என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் ஏறுகிறது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ஈமக்கிரியை முடியுமுன் வாங்கிய கையெழுத்து எத்தனை பலவீனமானது என்பதை இப்பிரிவைப் படித்தால் உணரலாம்.

இந்தியாவிலிருந்து லண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்ற ராம் கூமர் கூண்டு வழக்கில் 1876-ஆம் ஆண்டிலேயே ஒரு கோட்பாடு வகுக்கப்பட்டது. வழக்குச் செலவுக்குப் பணம் உதவி, வெற்றியில் பங்கு கேட்பது, நியாயமான அளவில் இருக்குமாயின், தன்னளவில் குற்றமாகாது என்றும், ஆனால் அப்பங்கு உதவி பெறுகிறவரின் கையறு நிலையைப் பயன்படுத்திப் பறித்த கொள்ளையாக இருக்குமாயின் நீதிமன்றம் அதை நிறைவேற்றிக் கொடுக்காது என்றும் அந்நீதிபதிகள் சொன்னார்கள். உதவி வேறு, உறிஞ்சுதல் வேறு என்ற அந்த விவேகமே, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும், இவ்விஷயத்தில் நாம் பற்றிக்கொள்ளத்தக்க அளவுகோல்.

மூன்றாவது, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அதில் சேர்ந்த பகுதி, அநியாயமான ஒப்பந்த நிபந்தனைகளை இரு வகையாகப் பிரித்து ஆராய்கிறது. ஒப்பந்தம் எவ்வாறு செய்யப்பட்டது என்பது ஒரு வகை: இரு தரப்பாரின் பேரம் பேசும் பலம் சமமாக இருந்ததா, நிபந்தனை நுண்ணெழுத்தில் ஒளிந்திருந்ததா, பயனீட்டாளர் அதன் பொருளை அறிந்துதான் ஒப்பினாரா என்று நீதிமன்றம் பார்க்கும். நிபந்தனையே கடுமையானதா என்பது மற்றொரு வகை. தமிழ் மட்டும் படித்தவரிடம், விளக்கிச் சொல்லாமல், வேற்று மொழிப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து இந்த முதல் சோதனையிலேயே தள்ளாடும்.

கடலுக்கு அப்பால் கண்ட அனுபவம்

இத்தனை வேலிகளும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, நீதிமன்றத்தை நாடுகிறவருக்குப் பயன்படுவன. ஒப்பந்தம் பிறக்கும்போதே அதன் உருவத்தைச் சட்டம் நிர்ணயிக்கக் கூடாதா என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய தேசங்கள் உண்டு.

புயல்களின் பாதையில் கிடக்கும் புளோரிடா மாநிலம், அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரின் கோரிக்கைகளில் மதிப்பீட்டாளரின் பங்கு முதல் ஆண்டில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டலாகாது என்றும், ஏனைய கோரிக்கைகளில் இருபதைத் தாண்டலாகாது என்றும் விதித்திருக்கிறது. கையெழுத்திட்ட பத்து நாட்களுக்குள் பாலிசிதாரர் எந்த அபராதமும் இன்றி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீடு தேடிவந்து ஆள்பிடிக்கலாகாது என்பதும் அங்கே சட்டம்.

அதே மாநிலம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நஷ்டம் நேர்ந்த முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மதிப்பீட்டாளர் எவரும் பாலிசிதாரரை அணுகவே கூடாது என்று விதித்தபோது, அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில் அவ்விதியை ரத்து செய்தது. தொழிலைப் பற்றிப் பேசும் சுதந்திரத்தையே அது அடைத்துவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம். பேச்சை அடைப்பது வேறு, ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்துவது வேறு என்ற இப்பாடத்தை நம் நாட்டில் சட்டம் வரைவோரும் கவனிக்க வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் உச்சவரம்பு பத்து சதவீதம். ரத்து செய்ய எழுபத்திரண்டு மணி நேர அவகாசம் உண்டு. ஒப்பந்தப் படிவமே அரசாங்க அதிகாரியின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தானாகவே எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் முழுத் தொகையையும் தர எழுத்தில் இணங்கிவிட்டால், மதிப்பீட்டாளர் சதவீதம் கேட்க முடியாது. செலவிட்ட நேரத்துக்கு நியாயமான கூலி மட்டுமே பெறலாம். செய்யாத வேலைக்குப் பங்கு இல்லை என்ற இந்த எளிய நீதி, எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

டெக்சாஸில் இன்னொரு முக்கியமான தடையும் உண்டு. கூரை வேய்கிற ஒப்பந்தக்காரர், அதே வீட்டின் இழப்பீட்டுக்காக நிறுவனத்தோடு பேரம் பேசுகிறவராகவும் இருக்கலாகாது. பழுதுபார்ப்பின் விலையை ஏற்றுவதில் லாபம் காண்பவரும், அவ்விலையை வீட்டுக்காரர் சார்பில் மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் வீட்டுக்காரரின் நலன் பறிபோகும் என்பது காரணம். இத்தடையை எதிர்த்து ஸ்டோன்வாட்டர் என்ற கூரை நிறுவனம் தொடுத்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. காரைப் பழுதுபார்க்கும் பட்டறையும், அதை இழுத்துச் செல்லும் வண்டியும், ‘கிளைம்’ பார்ப்பதாகச் சொல்லும் ஆளும் ஒரே கூட்டாக வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நம் வாகன உரிமையாளர்கள் இதிலிருந்து சிந்தித்துப் பார்க்கலாம்.

பிரிட்டனில், இழப்பீடு பெற்றுத் தரும் நிறுவனங்கள் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நிதி நடத்தை ஆணையத்தின் ஆளுகைக்குள் கொண்டுவரப்பட்டன. கடன்களோடு தவறாக விற்கப்பட்ட காப்பீட்டுக்கு நஷ்டஈடு பெற்றுத் தந்தவர்களின் கட்டணம் 2018-ஆம் ஆண்டிலேயே இருபது சதவீதத்துக்குள் கட்டப்பட்டது.

▌பெட்டிச் செய்தி: பங்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?

சேதத்துக்கு 40,000 வெள்ளி இழப்பீடு கிடைப்பதாக ஓர் உதாரணக் கணக்கு:

• 10 சதவீதமாயின் பங்கு 4,000 வெள்ளி. கையில் மிஞ்சுவது 36,000.

• 20 சதவீதமாயின் பங்கு 8,000 வெள்ளி. கையில் மிஞ்சுவது 32,000.

• 30 சதவீதமாயின் பங்கு 12,000 வெள்ளி. கையில் மிஞ்சுவது 28,000.

2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியோடு ஒப்பிட்டால், 12,000 வெள்ளி என்பது ஏறத்தாழ ஏழு மாத உழைப்பு.

இழப்பு யாருக்கு, எத்தனை காலம்?

சதவீதக் கணக்கு காகிதத்திலே சிறியதாகத் தோன்றும். ஆனால் இழப்பீடு என்பது ஆதாயம் அல்லவே, போனதற்கு ஈடு. நாற்பதாயிரம் போனவருக்கு இருபத்தெட்டாயிரம் வந்தால், கூரை போடலாம், சுவர் எழுப்ப முடியாது. அல்லது சுவர் எழுப்பலாம், பிள்ளையின் படிப்புக்கு எடுத்து வைத்திருந்த சேமிப்பை உடைக்க நேரும். ‘எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம்’ என்று நம் மூதாதையர் சொன்ன பழமொழியின் கொடுமை முழுவதும் இந்த ஒரு கழித்தல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

மரணமும் ஊனமும் நேர்ந்த குடும்பங்களிலோ, இந்த நஷ்டம் தலைமுறைக்கு நீள்கிறது. குடும்பத் தலைவனை இழந்த பெண்ணுக்குக் கிடைக்கும் தொகை, இருபது வருஷத்துச் சம்பளத்தின் ஸ்தானத்தில் நிற்பது. அதை ஒரே நாளில் குறைப்பது, பிள்ளைகளின் இருபது வருஷத்து உணவையும் கல்வியையும் குறைப்பதாகும். இந்திய உச்ச நீதிமன்றம் 1994-ஆம் ஆண்டில், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் சூசம்மா தாமஸ் என்பவருக்கும் நடந்த விபத்து வழக்கில் இதை உணர்ந்தே, எழுத்தறிவற்ற உரிமைதாரர்களுக்குக் கிடைக்கும் இழப்பீட்டை நெடுங்கால வைப்பில் போட்டு, வட்டியை மட்டும் அவர்களுக்கு நேராகக் கொடுக்கும்படி வழிகாட்டியது. பணம் ஒட்டுமொத்தமாகக் கைக்கு வரும் நாளில் அதைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்பதை அந்நீதிபதிகள் அறிந்திருந்தார்கள்.

தொழிலாளருக்கான சட்டங்கள் இதைவிடவும் பழைமையான ஞானத்தைக் கொண்டவை. 1923-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், மரணத்துக்கான தொகையை முதலாளி நேரே கொடுக்கலாகாது, ஆணையரிடமே கட்ட வேண்டும் என்றும், அத்தொகையைப் பிறருக்கு எழுதிக்கொடுப்பது செல்லாது என்றும் விதித்தது. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பெர்கேசோ அனுகூலங்களும் அவ்வாறே. நாம் ‘சொக்சோ பணம்’ என்று சொல்லும் அதைத் தரகருக்குப் பங்காக எழுதிக்கொடுக்க இயலாது. தொழிலாளர் சேமநிதிக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆகவே, ‘சொக்சோவில் வாங்கித் தருகிறேன், பாதிக்குப் பாதி’ என்கிறவரிடம் போட்ட கையெழுத்துக்காக அஞ்சி, பணம் கொடுக்க வேண்டிய அவசியம் எந்தத் தொழிலாளிக்கும் இல்லை.

இங்கே அந்நியத் தொழிலாளரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போரிலும் காய்கறித் தோட்டங்களில் உழைப்போரிலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மியன்மாரியரும் கணிசமானவர்கள். சட்டப்படி வேலைக்கு அமர்த்தப்பட்ட அந்நியத் தொழிலாளர் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பெர்கேசோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் புளூ வேலியில் நடந்ததைப் போன்ற மரணத்தின் பின்னர், கடலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் மனைவியும் மக்களும் இந்த உரிமையை எவ்வாறு அறிவார்கள்? தூரமும் மொழியும் அறியாமையும் சேர்ந்த இடத்தில் தரகனுக்கு வேலை எளிது.

பழைய மலையில் பழைய பாடம்

1885-இல் வில்லியம் கேமரன் அளவெடுத்துச் சென்ற இம்மலையில், 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் எழுந்தது. காட்டை வெட்டி, கன்று நட்டு, இப்பசுமையை உண்டாக்கிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். இம்மக்களின் முன்னோர் படிக்கத் தெரியாத காகிதத்தில் ரேகை வைத்துக் கப்பலேறியவர்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணியின் முன்பணக் கடனோடு பிணைந்திருந்த ஆள்சேர்ப்பும் 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிந்தது. அறியாமல் இடும் கையெழுத்து ஒரு வாழ்க்கையை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இச்சமூகத்தைவிடச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மறுபக்கத்தின் நியாயம்

பாலிசிதாரர் தரப்பில் நின்று பேசும் நிபுணர் எவருமே தேவையில்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. தொழிற்சாலை எரிந்த முதலாளி, குளிர்பதனக் கிடங்கு வெள்ளத்தில் மூழ்கிய காய்கறி வியாபாரி, மண்சரிவில் விடுதியை இழந்தவர் ஆகியோரின் நஷ்டக் கணக்கு சிக்கலானது. கட்டடம், இயந்திரம், சரக்கு, வியாபாரம் நின்ற நாட்களின் வருமானம் என்று பிரித்து நிரூபிக்கும் வேலையைப் பதிவு பெற்ற நிபுணர் செய்தால், அவர் பெறும் கட்டணத்துக்கு மேல் பலன் கிடைக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் வழக்கறிஞரும் பொறியாளரும் கணக்கரும் இருக்க, எதிரே தனியாளாக நிற்பவருக்கு ஒரு துணை வேண்டும் என்பது நியாயமே. அத்துணைவரின் பங்குக்கும் பொறுப்புக்கும் எல்லை இருந்தால்தான் நேர்மையான நிபுணருக்கும் மதிப்பு உண்டாகும்; எல்லையற்ற சந்தையில் முதலில் அழிவது அவருடைய நற்பெயரே.

▌பெட்டிச் செய்தி: பெருஞ்செலவின்றித் திறக்கும் வாசல்கள்

• நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மன்: 2025 ஜனவரி முதல் இயங்குகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முறையிடலாம். 250,000 வெள்ளி வரையிலான தகராறுகளை விசாரிக்கும். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

• பயனீட்டாளர் தீர்ப்பாயம்: 50,000 வெள்ளி வரை. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி.

• பெர்கேசோ அலுவலகம்: வேலையிடத்திலும், வேலைக்குச் செல்லும் வழியிலும் நேரும் விபத்துகளுக்கு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இச்சேவைக்கு எவருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

• அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம்: குறைந்த வருமானமுள்ள குடிமக்களுக்கு.

செய்யத்தக்கது என்ன?

இப்போதுள்ள சட்டங்கள் நோயை ஆற்றும் மருந்துகள். நோய் வராமல் காக்கும் ஏற்பாடு இன்னும் முழுமையாகவில்லை. பேங்க் நெகாராவும் நாடாளுமன்றமும் ஐந்து காரியங்களைச் செய்யலாம். பாலிசிதாரர் சார்பில் இழப்பீடு பெற்றுத் தருவோரின் பங்குக்கு, பேரிடர்க் காலத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பை வகுக்கலாம். கையெழுத்திட்டவர் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமையைத் தெளிவாக எழுதிவைக்கலாம். ஒப்பந்தப் படிவத்தை அங்கீகரித்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளியிடலாம். இழப்பீட்டுப் பணம் பாலிசிதாரரின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும் என்றும், இடையிலுள்ளவர் கணக்குக்குச் செல்லலாகாது என்றும் கட்டளையிடலாம். பழுதுபார்ப்பவரே பேரம் பேசுபவராக இருப்பதைத் தடுக்கலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பி.பி. நாராயணன் முதலியோர் 1954-இல் உருவாக்கிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்துக்கு இது சம்பளப் பேச்சுக்கு அடுத்த கடமையாக இருக்கத்தக்கது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், மாதத்தில் ஒரு மாலை, படித்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்து பாலிசிப் பத்திரங்களை வாசித்து விளக்கினால், தரகனுடைய தொழில் பாதி அழிந்துவிடும். பத்திரம் வந்த அன்றே அதை வாசிக்கக் கேட்டவரை, பேரிடர் வந்த அன்று எவராலும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வாசகர்களுக்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ துயரம் நேர்ந்து, எவரேனும் காகிதத்தோடு வந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய பதிவைக் கேளுங்கள். பங்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். பணம் யார் கணக்குக்கு வரும் என்று கேளுங்கள். காகிதத்தின் பிரதியை வாங்கிவைத்து, படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். மன வேதனையில் வாங்கிய கையெழுத்தையும், அநியாயமான நிபந்தனையையும் எதிர்த்து நிற்க இந்நாட்டுச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இழப்பீடு உங்கள் பணம். அதைக் கேட்பதற்கு நீங்களே போதுமானவர்கள்.